தூக்கிச் செல்பவர்

உள் அறை. குழந்தைகள் ஆறு பேர். தூக்கிச் செல்பவர் கலாமணி. பென்சில்ல எழுதியிருக்குது, காப்பகம் நடத்தற புனிதவதி மேடம் கையெழுத்து, கோழி கிளறுன மாதிரி. அதும்மேல நான் பேனாவுல எழுதோணும். உன் கையெழுத்துதான் குண்டு குண்டா அழகா இருக்குது கலா, நீயே எழுதீருன்னு குடுத்துட்டு அவங்க தீயணைக்கிற சிலிண்டரு ரொப்பப் போயிட்டாங்க. நாளைக்குக் காப்பகத்தைப் பார்க்க ஆபீசர் வர்றாரு. இன்னைக்கு நாலு மணிக்குத் தாய்மாருக புள்ளைகளைக் கூட்டிட்டுப் போக மாடியேறி வர்றப்ப இந்த அவசரகால வெளியேற்றத் திட்டம் வாசச் செவுத்துல ஒட்டியிருக்கோணும், எல்லாரும் படிக்கோணும், அதான் ரூலாம். இப்ப மணி ரெண்டு. ஹால்ல பதினாலு பெரிய புள்ளைக, பெரிய புள்ளைகன்னா மூணு வயசு நாலு வயசு, பாய் மேல தூங்குதுக. உள் அறையில ஆறு பொடிசுக. நடுவுல கதவு நெலவுகிட்ட நான் சேரைப் போட்டு, மடியில அட்டை, அட்டை மேல இந்தப் பேப்பரு. என் பேரு நாலே எழுத்து. எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒண்ணரை மணியில இருந்து பேனா மூடியத் தொறக்கறேன், மூடறேன், தொறக்கறேன்.

ரெண்டு கை, ஆறு புள்ளைக. இதுக்கு எந்த ஊருல கணக்கு வரும்? போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல காப்பகத்துக்காரங்களை எல்லாம் கூப்பிட்டுப் பயிற்சி குடுத்தாங்க. வந்திருந்த சார் குழந்தைக்குப் பதிலா அஞ்சு கிலோ அரிசிப் பையக் குடுத்துத் தூக்கிட்டு ஓடச் சொன்னாரு. ஓடுனோம். அரிசிப் பை அழுவாது, கழுத்தைக் கட்டிட்டுத் தொங்காது, பயத்துல உங்க மேலயே ஒண்ணுக்குப் போகாது. நடக்க முடியாத குழந்தைகளைச் சக்கரம் வெச்ச தொட்டில்ல ஒட்டுக்காப் போட்டுத் தள்ளிட்டு வந்தரலாம்னு படம் காமிச்சாரு. நாங்க மாடியிலீங்க சார், ஒரே படிக்கட்டுங்கன்னேன். அப்படீங்களான்னுட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு. போகட்டும், பாவம், அவரு என்ன பண்ணுவாரு. அப்பத்தான் பின்னால இருந்து ஒருத்தி எந்திரிச்சுக் கேட்டா, ஏனுங் சார், எங்க சொந்தப் புள்ளையும் அதே ரூம்ல இருந்தா எதைங்க மொதல்ல தூக்கறது? எல்லாரும் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சாரு. புனிதவதி மேடம் மட்டும் என் முதுகுல ஒரு தட்டு தட்டி, அதுக்கு இவளக் கேளுங்கன்னாங்க, பெருமையா. மண்டபமே திரும்பி என்னைப் பார்த்துச்சு. பக்கத்துல ஜன்னல் இருந்திருந்தா அன்னைக்கே குதிச்சிருப்பேன்.

ஏன்னு சொல்லோணும்னா மொதல்ல இதைச் சொல்லோணும். எங்க காப்பகத்துல ஒரு வார்த்தை சொல்லப்படாது. கெட்ட வார்த்தை இல்ல. அம்மா. காலையில ஒண்ணு அம்மான்னு ஆரம்பிச்சாப் போதும், இருபதும் ஒட்டுக்கா ஆரம்பிச்சிரும், தாய்க்காரிக அத்தனை பேரும் பனியன் கம்பெனியில மெஷினுக்கு முன்னால உக்காந்திருப்பாங்க, சாயங்காலம் வரைக்கும் எவ வருவா? அதனால அந்தப் பேச்சே எடுக்கறதில்லைன்னு ஒரு கட்டுப்பாடு. என் யோசனைதான், மேடத்தோடது இல்ல. அ-னாவுக்கு நேரா இருந்த அம்மா படத்தைக் கிழிச்சுட்டு அணில் படம் ஒட்டுனதும் நானேதான். மிஸ் வா, மிஸ் தண்ணி, மிஸ் மூக்கு. எல்லாத்துக்கும் மிஸ். புதுசா வர்றதுக ஒரு வாரம் பத்து நாள் கத்தும், அப்பறம் அடங்கிரும். எம் புள்ள மிருதுளா வந்தப்ப அவளுக்கு ஒண்ணே முக்கா வயசு. ஊட்டுல பார்த்துக்க ஆளில்ல, இங்கயே போட்டுட்டேன். மத்த புள்ளைக முன்னால இவ மட்டும் அம்மா அம்மான்னு என் சேலையப் புடிச்சா அதுக மனசு என்னாகும்? அதனால கீழ் படிக்கட்டுலயே நிறுத்திக் கேப்பேன், கண்ணு, இனி நான் யாரு? அம்மாம்பா. இல்ல, யாரு? அழுவா. மொகத்தைத் திருப்பிக்குவேன். பன்னெண்டு நாளாச்சு. பதிமூணாவது நாள் நான் கேக்கறதுக்கு முன்னாலயே, மிஸ்ஸுன்னா. கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னு தூக்கி முத்தம் குடுத்தேன். குடுத்தேனே! இப்ப ஊட்டுலயும் சமயத்துல மிஸ், ஆய் வருதுன்னு வந்து நிக்கறா, அவங்கப்பா உழுந்து உழுந்து சிரிப்பாரு. நானும் சிரிச்சேன், ஆடி மாசம் வரைக்கும்.

ஆடி பதினெட்டு முடிஞ்சு அஞ்சாவது நாள். இதே நேரம், புள்ளைக தூங்கற நேரம். கீழ கட்டிங் வேஸ்ட் குடோன், துணி வெட்டித் தள்ளுன துண்டுகளை மூட்டை மூட்டையா அடுக்கியிருப்பாங்க. அது பொகைஞ்சுது. தீயின்னு பெருசா ஒண்ணுமில்ல, பொகைதான், ஆனா என்ன பொகை, நெஞ்சுக்குள்ள கையவிட்டுப் பிசையற பொகை. கீழ ஆளுக மெயினை ஆப் பண்ணுனாங்க. பேன் நின்னுச்சு, லைட்டு போச்சு. உள் அறை ஜன்னலுக்கு நாங்க கருப்புத் துணி கட்டி வெச்சிருக்கோம், புள்ளைக தூங்கோணும்னு. பட்டப்பகல்ல இருட்டுக் கசம். மேடம் அன்னைக்குன்னு பார்த்து வெளிய போயிருந்தாங்க. ஹால்ல ஆயா மயிலாத்தாக்கா பெரிய புள்ளைகளை எழுப்பி, ஒருத்தன் சட்டைய ஒருத்தன் புடிக்க வெச்சு, வாங்க சாமி வாங்க சாமின்னு எறக்க ஆரம்பிச்சுட்டாங்க. அறுவது வயசு, மூட்டு வலி. ஒண்ணொண்ணா எண்ணி எறக்குனாங்க. நான் உள்ள போனேன். உள்ள போறப்ப ஆறு பேரையும் எடுக்கோணும்னுதான் போனேன், இது சத்தியம், வாசல் தாண்டுற வரைக்கும் சத்தியம். தாண்டுனதும் என் கை தேட ஆரம்பிச்சுது. எங்க குலதெய்வம் கோயில்ல மிருதுளாவுக்கு மொட்டையடிச்சு நாலு நாள்தான் ஆயிருந்துச்சு. கை மொட்டையத் தேடுச்சு. ஒரு தலை தட்டுப்பட்டுச்சு, சுருட்டை முடி. விட்டுட்டேன். இன்னொண்ணு, ரப்பர் பேண்டு போட்ட குடுமி, என் முழங்கையப் புடிச்சுது, அந்த வெரலை நானே பிரிச்சு விட்டேன். பிரிச்சு விட்டேன், ஒவ்வொரு வெரலா. மிஸ் மிஸ்ஸுன்னு மூலையில இருந்து ஒரு சத்தம். எல்லாத்துக்கும் நான் மிஸ்ஸுதானே, அதையும் தாண்டிப் போயிட்டேன். இந்தப் பக்கம் இருந்து அம்மான்னு ஒரு கதறல். அம்மா! இங்க யாரு என்னை அம்மான்னு கூப்பிடுவா, எம் புள்ளைதான், பயத்துல பாடமெல்லாம் மறந்துருச்சுன்னு பாஞ்சேன். கை வெச்சேன், மொட்டை. வாரி நெஞ்சோட அமுக்கிட்டுப் படியெல்லாம் எப்படி எறங்குனேன்னே தெரியல, ரோட்டு வெய்யில்ல வந்து நின்னு மொகத்தைத் திருப்பிப் பார்க்கறேன், லித்திக்.

மேனகாவோட பையன். தேனிப் பக்கத்துல இருந்து வந்தவ மேனகா, செக்கிங் செக்சன்ல வேலை. பையனைக் கொண்டாந்து விட்டு நாலே நாள், இன்னும் எங்க பாடம் படியாத புள்ள. அவங்க ஊரு சாமிக்கு அவனுக்கும் மொட்டை. நான் கத்துனேன். அப்படியொரு கத்தல் நான் பிரசவத்துல கூடக் கத்தல. மறுபடி மேல ஓடப் பார்த்தேன், எதிர் கடை ஆளுக என்னைப் புடிச்சு நிறுத்திட்டு அவங்க ஏறுனாங்க. அதுக்குள்ள மயிலாத்தாக்கா திரும்பப் போய் ரெண்டு இடுப்புலயும் ரெண்டு புள்ளையோட எறங்கிட்டு இருந்தாங்க, வலது இடுப்புல எம் புள்ள. மூக்கெல்லாம் கரி. அஞ்சு நிமிசத்துல இருபதும் ரோட்டுல. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். அப்பறம் அக்கா சொன்னாங்க, தங்கமான புள்ள அம்மிணி உன்றது, அழுவல ஒண்ணுமில்ல, மூலையில அசையாமப் பொட்டாட்ட நின்னுட்டு மிஸ் மிஸ்ஸுன்னு கூப்பிட்டுட்டே இருந்துச்சு. அவங்க பாராட்டாத்தான் சொன்னாங்க.

பாராட்டு! அன்னைக்கு ஆரம்பிச்ச பாராட்டு இன்னும் ஓயல. பெத்த புள்ளைய உள்ள உட்டுட்டு ஊரான் புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்தவ. மேனகா ரோட்டுலயே என் கால்ல உழுந்தா, நல்லா நெத்தி தரையில படற மாதிரி. எந்திரி எந்திரின்னேன். அப்பவே சொல்லியிருக்கலாம். வாட்ஸப்புல என் போட்டோ போட்டுக் கையெடுத்துக் கும்பிடற படமா வந்து குமிஞ்சுது. மேடம் பொன்னாடை போத்துனாங்க, அதை நான் பீரோவுக்கு அடியில சொருகி வெச்சிருக்கேன். மேனகா வாரா வாரம் பையனுக்குக் கட்டித் தர்ற டப்பாவுல எனக்கும் ரெண்டு அதிரசம், முறுக்கு. நான் திங்கறதில்ல, மயிலாத்தாக்காவுக்குக் குடுத்துருவேன். இதுல எங்கூட்டுக்காரரு தனி. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் சோத்துல கைய வெச்சுட்டே கேட்டாரு, உனக்கு மிருவை உட்டுட்டு வர எப்படிடி மனசு வந்துச்சு? அவரு கேட்டது ஞாயம். அவருகிட்டயாவது சொல்லியிருக்கலாம், இல்லீங்க, நான் அவளத்தான் தேடுனேன், ஊரு புள்ளைக வெரலைப் பிரிச்சு விட்டுட்டுத் தேடுனேன்னு. குளிர்ந்து போயிருப்பாரு மனுசன். ஆனா அடுத்தாப்புல என்ன கேப்பாரு? அப்பறம் ஏண்டி தெரியலைன்னு கேப்பாரு. பெத்தவளுக்குத் தொட்டாத் தெரியாதா? கூப்பிட்டாத் தெரியாதா? தெரியலையே. கூப்பிட்டா, தாண்டிப் போனேன். ஊரான் புள்ளைகளுக்கும் நான் ஆகல, எம் புள்ளைக்கும் ஆகல, இதுல பொன்னாடை ஒரு கேடு.

சரி, அது போச்சு, போனது போகட்டும்னு இருக்கலாம்னா இந்தப் பேப்பரு விடமாட்டேங்குது. முன்னால உள் அறைக்கு ரெண்டு பேருன்னு இருந்துச்சு, நானும் மயிலாத்தாக்காவும், மேடம் ஹாலு. இப்ப மேடம் மாத்திட்டாங்க. அக்கா ஹாலு, மேடம் கீழ கேட்டுகிட்ட நின்னு எண்ணறது, உள் அறைக்குக் கலா ஒருத்தி போதும். ஏனுங் மேடம், ஆறு பேராச்சேன்னேன். நீ இருக்கறப்ப எனக்கென்ன கலா பயம், பெத்த புள்ளையவே பார்க்காதவளாச்சே நீயின்னுட்டு செருப்பை மாட்டிட்டாங்க. ஆகக்கூடி என் பொய்யை நம்பித்தான் திட்டமே போட்டிருக்குது. நான் வாயத் தொறந்து ஒரு பொய்யும் சொல்லல, சும்மா இருந்தேன், சும்மா இருந்ததே இப்படிச் செவுத்துல ஏறப் போகுது. கண்ணை மூடிப் பார்க்கறேன். பொகை வருது. லைட்டு போகுது. உள்ள போறேன். கலா, இந்தத் தடவை வாசகிட்ட இருக்கற சுருட்டை முடியத் தூக்கு, தூக்குடின்னு சொல்றேன். கை அதைத் தாண்டி மூலைக்குப் போகுது. மறுபடி மொதல்ல இருந்து. பொகை, லைட்டு, வாசல், சுருட்டை முடி, மூலை. ஒன்பது தடவை போட்டுப் பார்த்துட்டேன், ஒரு தடவை கூட இந்தக் கை சொன்ன பேச்சுக் கேக்கல. நான் ஹாலுக்குப் போயிட்டு அக்காவை உள்ள உட்டா? படிக்கட்டுல பதினாலு புள்ளைகளை நட்டாத்துல உட்டுட்டு மேல ஏறுவேன். மிருவை வேற காப்பகத்துல போட்டா? அங்கயும் ஒருத்தி இருப்பா, அவளுக்கும் ஒரு புள்ள இருக்கும். வேலைய உட்டுட்டா? சாப்பாட்டுக்கு என்ன பண்றது, அதுவுமில்லாம நான் போயிட்டா அந்த எடத்துக்கு வர்றவ மட்டும் என்ன, கையே இல்லாதவளா வருவா? எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமோ என்னமோ. இருந்துட்டுப் போகட்டும். அதைத் தெரிஞ்சு வெச்சுட்டுத் திட்டம் போட்டா என்னவாம்? தெரியாத மாதிரிப் போட்டுட்டு, புள்ளைக எண்ணிக்கையும் கையெழுத்தும் சரியா இருக்குதான்னு பார்த்துட்டுப் போவாரு ஆபீசரு.

மணி மூணு அடிக்கப் போகுது. உள்ள சலசலன்னு ஒரு சத்தம், எந்திரிச்சுப் பார்த்தா மிருதான், பாயில உக்காந்திருக்கா, கண்ணு பாதி மூடி. முடி முள்ளு முள்ளா மொளைச்சிருச்சு, இப்ப இருட்டுல தடவுனா யாருன்னு தெரியாது. மிஸ், தண்ணின்னா. மத்த அஞ்சும் தூங்குது, கேக்க யாருமில்ல, அம்மான்னே கூப்பிடு கண்ணுன்னு காதுக்குள்ள சொன்னேன். என்னைப் பார்த்தா. நான் பரீச்சை வெக்கறேன்னு நெனைச்சுட்டா போல. வேகமாத் தலையாட்டி, இல்ல, மிஸ்ஸுன்னா. அந்தச் சின்ன மொகத்துல தப்பாச் சொல்லிரக் கூடாதுங்கற பயம். தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டுப் படுத்து அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிட்டா. எனக்கு வந்தது அழுகையில்ல, கோவம், யாரு மேலன்னா என் மேலதான்.

சேருக்கு வந்து ரப்பரை எடுத்தேன். உள் அறைன்னு எழுதியிருந்த வரிசையில பென்சிலை நல்லா அழிச்சேன், பேப்பரு கிழியற அளவுக்கு. ஆறு கட்டம் போட்டேன். ஆறு பேரு எழுதுனேன், குண்டு குண்டா, அழகா. மிருதுளாவுக்கு நேரா, தூக்கிச் செல்பவர் கலாமணி, தாய். மத்த அஞ்சு பேருக்கு நேரா ஒண்ணும் எழுதல. கீழ குறிப்புன்னு ஒரு எடம் உட்டிருப்பாங்க, எப்பவும் ஒண்ணுமில்லைன்னு எழுதுவோம். அதுல எழுதுனேன்: என் மகள் இந்த அறையில் இருக்கும்வரை நான் முதலில் அவளைத்தான் தேடுவேன். மற்ற ஐந்து குழந்தைகளுக்கு வேறு ஆள் கட்டாயம் வேண்டும். கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். செல்லோ டேப்பைப் பல்லுல கடிச்சுக் கிழிச்சு வாசச் செவுத்துல ஒட்டுனேன். மயிலாத்தாக்கா பால் டம்ளரைக் கழுவிட்டே எட்டிப் பார்த்தாங்க. அவங்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என்ன அம்மிணி, இத்தனை காலியா உட்டிருக்கேயின்னு கேட்டாங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் ஆள் கேட்டிருக்கறேங்க்கான்னு அதோட நிறுத்திட்டேன். மேடம் வந்து கிழிச்சா கிழிச்சுக்கட்டும். வேலைய உட்டுத் தாட்டுனாத் தாட்டட்டும். அவங்க வர்றதுக்குள்ள ஒருத்தராவது படிச்சிரோணும், அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு.

படிச்சது வேற யாருமில்ல, மேனகா. மூணே முக்காலுக்கே வந்துட்டா, தண்ணி வரலைன்னு கம்பெனியில சீக்கிரம் உட்டுட்டாங்களாம். டிபன் டப்பாவை என் கையில குடுத்துட்டு, என்னா மிஸ் புதுசா ஒட்டியிருக்கீகன்னு சிரிச்சுட்டே வெரலை வெச்சுப் படிச்சா. வெரலு கீழ குறிப்புக்கு வந்து நின்னுருச்சு. சிரிப்பு மொகத்துலயே இருக்குது, கண்ணு மட்டும் மாறுது. இது சும்மா ரூலுக்கு எழுதுனதுதானே மிஸ், அன்னைக்கு நீங்க எம்புள்ளையத்தானேன்னு இழுத்தா. உள்ள லித்திக் எந்திரிச்சு வந்து அவ சேலைக்குள்ள பூந்துட்டான். இப்ப சொல்லாட்டி எப்பவும் இல்லைன்னு தெரிஞ்சுது. அன்னைக்கும் எம் புள்ளையத்தான் மேனகா தேடுனேன், இருட்டுல மொட்டைன்னு தடவிட்டு மாத்தித் தூக்கிட்டேன், இவன் உன்றவன்னு தெரிஞ்சிருந்தா உட்டுட்டுத்தான் போயிருப்பேன்னேன். ஒரே மூச்சுல சொல்லிட்டேன். அடிப்பான்னு நெனைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ பையனைத் தூக்கி இடுப்புல வெச்சா. அப்பறம் லித்திக் பேருக்கு நேரா இருந்த காலிக் கட்டத்துல வெரலை வெச்சு, என் மொகத்தைப் பார்க்காமயே கேட்டா, அப்ப எம்புள்ளையத் தூக்க யாரு மிஸ் இருக்கா? இப்போதைக்கு யாருமில்லைன்னேன். மேடம் வரட்டும்னு அவ சொல்லி, பையனை மடியில இருத்திட்டு, அந்தப் பேப்பருக்குக் கீழயே சம்மணம் போட்டு உக்காந்துட்டா.